பழைய பிக்கப்பை மீட்டெடுக்க: முதலில் பிரேக், கடைசியில் பெயிண்ட்

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, சொந்தக் கையால் சரிசெய்யக் கிளம்புகிறவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். ஆர்வம் தாங்காமல் தொட்டியை இறக்கி, கேபினைக் கழற்றி, இன்ஜினைத் தூக்கி, வெறும் சேஸை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துவிடுவார்கள். படம் என்னவோ அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று யாருக்கும் தெரியாது. பாகங்கள் திண்ணையிலும் மாடிப்படிக்கு அடியிலுமாகச் சிதறிக் கிடக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் வண்டி பாதி விலைக்குக் கைமாறும்.

புதிதாகக் கற்கிறவர் இந்தப் பாதையில் போக வேண்டாம். வண்டி எப்போதும் தன் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். ஒரு பாகத்தைக் கழற்றினால் அதைச் சரிசெய்து மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். முதலில் பிரேக், பிறகு டீசலும் இன்ஜினும், பிறகு ஸ்டியரிங்கும் வயரிங்கும், அப்புறம் தகர வேலை, எல்லாம் முடிந்து பெயிண்ட். இந்த வரிசை ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எந்த வண்டி என்று கேட்டால், நம் ஊரில் கற்றுக்கொள்ள ஏற்றது ஜீப் குடும்பத்து மகிந்திரா பிக்கப்தான் என்பேன். அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டிக் கொடுக்கத் தொடங்கிய கம்பெனி, அதே எலும்புக்கூட்டை நீட்டியும் குறுக்கியும் பல பத்தாண்டுகள் ஓட்டியது. ஏணி மாதிரியான சேஸ், கமான் பட்டைகள், கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத டீசல் இன்ஜின். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். தேனி மாவட்டத்தில் கம்பம், போடி பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மலை ஏறிக்கொண்டிருக்கும்வரை அவற்றுக்கான பாகங்களும், கண்ணை மூடிக்கொண்டு அவற்றைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள்.

இன்ஜின் பெரும்பாலும் இரண்டு வம்சம். ஒன்று பிரான்சின் பெஜோ கம்பெனி உரிமத்தில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90, 4 சிலிண்டர், 90 மி.மீ. போர், 2112 சி.சி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. இதற்குக் காலையில் ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் சூடேற வேண்டும். மற்றது எம்.டி.ஐ., 2523 சி.சி. இதன் ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., அதாவது சரியாக 4 அங்குலம். இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினின் வழியில் வந்தது என்பதற்கு அந்த அங்குலக் கணக்கே சாட்சி. டீசலை நேராக சிலிண்டருக்குள் அடிப்பதால் ஹீட்டர் பிளக் இல்லாமலே கிளம்பும். சத்தம் அதிகம், முரட்டுத்தனம் அதிகம், புதியவர் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் குணமும் அதிகம். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி. புக்கில் உள்ள சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சேஸ் நம்பர் துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியும் மெல்லிய பித்தளை பிரஷும் போதும். கிரைண்டரை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். நாளைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்காக அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு எழுத்து மழுங்கினாலும் தலைவலி. பழைய ஃபைனான்ஸ் பாக்கி ஆர்.சி.யில் நிற்கிறதா, வரி எதுவரை கட்டியிருக்கிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிந்தது என்பதையும் வாங்குவதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் 8 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். 15 வயது தாண்டினால் கட்டணம் நன்றாகவே ஏறிவிடும்.

வேறு வண்டியின் இன்ஜினைப் போடலாமா, தொட்டியை வெட்டி நீட்டலாமா என்ற ஆசையும் இப்போதே தீர்ந்துவிடட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே வகை இன்ஜினை மாற்றுவதற்கும் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 50 வயதைத் தாண்டிய வண்டி என்றால் 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி உண்டு. நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியில் வாடகைக்கு லோடு அடிக்க முடியாது.

காகிதம் சரி என்றால் ஒரு சின்ன சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸை நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணி மாதிரிப் பேசும். உள்ளே அரித்த இடம் ‘பொத்’தென்று அடங்கிவிடும். கமான் பட்டை மாட்டியிருக்கும் தாங்கிகள், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், கேபின் ரப்பர் வைத்த மூலைகள் ஆகிய மூன்றிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபின் தரையும் கதவின் அடிப்பக்கமும் சல்லடையாக இருந்தால் கவலை வேண்டாம், அது வெறும் தகரம். சேஸ் அரித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ‘பட்டை வைத்து வெல்டிங் அடித்துக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொல்வார். அவர் விற்பவர்.

ஸ்பானர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஜீப் வழி வந்த பாகங்களில் அங்குல போல்ட், பிறகு வந்தவற்றில் மி.மீ. போல்ட். இரண்டும் ஒரே வண்டியில் கலந்திருக்கும். 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ.; அதற்கு 19 ஸ்பானர் தாராளமாகப் பொருந்தும். 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; 13 ஸ்பானர் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். துருப்பிடித்த நட்டை அந்த ஆட்டத்தோடு திருகினால் மூலை மழுங்கிவிடும். 9/16 அங்குலத்துக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். ஆகவே இரண்டு கணக்கிலும் ரிங் ஸ்பானர் செட் வாங்கிவிடுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பானரை இந்த வேலைக்கு மறந்துவிடலாம்.

பிடித்துப்போன நட்டை எடுத்த எடுப்பில் பலம்கொண்டு திருகக் கூடாது. முதல் நாள் மாலையே துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு இறுக்கும் பக்கம் இம்மியளவு, அப்புறம் கழற்றும் பக்கம். துரு உடையும்போது ‘டக்’கென்று கையில் தெரியும். அசையவில்லை என்றால் கேஸ் சூடு காட்டலாம். பக்கத்தில் டீசல் பைப்போ பிரேக் ஹோஸோ இருந்தால் அந்தப் பேச்சும் வேண்டாம்.

கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி வைப்பது டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி வைப்பதைவிட மேல்.

இனி பிரேக். ஓடாத வண்டிக்கு எதற்கு முதலில் பிரேக் என்று கேட்கலாம். இன்ஜின் ஓடத் தொடங்கிய மறுநிமிஷம் உங்கள் கால் கிளட்சைத் தேடும், ஒரு ரவுண்டு போய் வரலாமே என்று மனசு சொல்லும். அந்தச் சபலத்தை நம்ப முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்துவிடும். பெயிண்ட் அடித்த பிறகு பிரேக் வேலை செய்தால் இரண்டும் கெடும்.

வண்டியைத் தூக்கும்போது ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. ஹாலோ பிளாக்கையும் செங்கலையும் அடுக்கி அதன் மேல் வண்டியை உட்காரவைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தால் வராது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஒரு மேடு உருவாகியிருக்கும், லைனிங் அதில் இடிக்கும். பின்தட்டில் உள்ள அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் லைனிங் உள்வாங்கி டிரம் கழன்று வரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ தள்ளாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கினால் ஈரம் தெரிகிறதா? கசிவு. சிலிண்டருக்குள் விரலை விட்டுச் சுற்றினால் சொரசொரப்பு தட்டுகிறதா? தண்ணீர் புகுந்து அரித்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நின்றுபோன வண்டியில் அந்த ஈரம் இரும்பைத் தின்னும். சொரசொரத்த சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட் போடுவது வீண், முழு சிலிண்டரையே மாற்றுங்கள். உள் பாகங்களைப் புது பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும். டீசலோ இன்ஜின் ஆயிலோ ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும்.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது உட்புறமாகவும் வீங்கும். மிதிக்கும்போது அழுத்தம் உள்ளே போகும், விட்டபின் ஆயில் திரும்பி வர வழியில்லாமல் சக்கரம் பிடித்தபடியே நிற்கும். லைனிங்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் பலருக்கு ஹோஸ் மேல் சந்தேகமே வருகிறது. வயதான வண்டியில் ஹோஸ் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுவது நல்லது.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது இடது பின்சக்கரம். நிப்பிளில் உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். உள்ளே உட்கார்ந்தவர் மிதித்து அழுத்திப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து குமிழியை வெளியேற்றி மூடிவிட்டு, ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். நடுநடுவே மேலே ஆயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பெடல் பஞ்சு மாதிரி அமுங்காமல் கல் மாதிரி நின்றால் வேலை முடிந்தது.

அடுத்து இன்ஜின். நெடுநாள் நின்ற இன்ஜினைப் புது பேட்டரி மாட்டி உடனே செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது, செய்யவே கூடாதது. முதலில் ஆயில் ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் வேலை காத்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் வெறும் பழைய ஆயில்தான், மாற்றிவிடலாம். பிறகு நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. எங்காவது கெட்டியாக இடித்தால் அழுத்த வேண்டாம், வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துருவும் சகதியும் கொட்டும். கழுவிக் காயவைத்து, பில்டர்களைப் புதிதாகப் போடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலியான டேங்கில்தான் ஆபத்து அதிகம். உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கழற்றிய நாசில்களைப் பம்ப் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்களில் இன்றும் ‘மைகோ கடை’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மைகோ என்ற பெங்களூர்க் கம்பெனி 2008-இலேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டாலும் போர்டும் பேச்சும் மாறவில்லை. டீசல் பம்ப்பின் உட்பாகங்கள் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் வேலை செய்பவை, வீட்டு மேஜையில் பிரிக்க ஏற்றவை அல்ல. ஆனால் ஒன்றை நீங்களே பார்க்க வேண்டும்: பம்ப்பின் ஆக்சிலரேட்டர் லீவரும் ஸ்டாப் லீவரும் தடையின்றி அசைந்து திரும்புகின்றனவா? நெடுநாள் நின்ற பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் தறிகெட்டு வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, காற்று உறிஞ்சும் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு தட்டைப் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காற்று நின்றால் இன்ஜின் நிற்கும். கையால் மூடப் போகக் கூடாது.

டீசல் லைனில் காற்று இருந்தால் வண்டி எடுக்காது. பில்டர் தலையிலுள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு குமிழியும் டீசலும், பிறகு வெறும் டீசல். அப்போது மூடிவிட்டு, பம்ப்பில் உள்ள ஸ்குரூவிலும் அதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் பைப்புகளின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளும், இறுக்கிவிடலாம். இந்த வேலையின்போது நாசில் முனைக்கோ பீறிடும் இடத்துக்கோ விரலைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தினமாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிட்டால் விரலே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

கிளம்பியதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர். சில நொடியில் விளக்கு அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பிறகு புகை. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு கைடு. வெள்ளை சூடேறியதும் மறைந்தால் எரியாத டீசல். மறையாமல் நின்று, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். நீலப்புகை லேசாக வந்ததற்காக இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். நெடுநாள் ஒட்டியிருந்த ரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் தானாகவே விடுவித்துக்கொள்வதுண்டு. போர் அடிப்பது, கிராங்க் தேய்ப்பது எல்லாம் எப்படியும் லேத் பட்டறை வேலை. அதைப் பிறகு முடிவு செய்யலாம்.

ஸ்டியரிங்கைச் சோதிக்க முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் அல்லது பேரிங் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு முனைகள் பேசும். வயரிங்கைப் பொறுத்தவரை, முந்தைய ஓனர்கள் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பியூஸ் பாக்ஸோடு புது ஹார்னஸ் போடுவதே மலிவு. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைப் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்று பேட்டரி மாற்றியவர்களில் பலருக்கு அது மட்டுமே போதுமாயிருந்திருக்கும்.

பாகங்கள் தேடும்போது சென்னையில் புதியதற்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பிரேக், ஸ்டியரிங் தொடர்பான எதையும் பழையதாக வாங்காதீர்கள். கதவு, பானெட், கண்ணாடி, சீட் சட்டம் எல்லாம் பழையதே நல்லது. அந்தக் காலத் தகரம் கனமாக இருக்கும்.

தகர வேலையில் பொறுமைதான் சோதனை. துருவின் மேல் பட்டி பூசினால் ஒரு மழைக்காலத்தில் கொப்பளிக்கும். அரித்ததைச் சுத்தமாக வெட்டி எடுத்து, 18 கேஜ் தகரத்தைப் பொருத்தி, புள்ளி புள்ளியாகத் தள்ளித்தள்ளி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு போனால் தகரம் சூட்டில் நெளியும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். தேய்த்த தகரத்தை அன்றைக்கே பிரைமரால் மூடிவிடுங்கள், கடலோர ஊரில் இருந்தால் அன்று மாலைக்குள்ளேயே. பெயிண்டில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) புதியவருக்கு எளிது: சீக்கிரம் காயும், பிசகினால் உப்புத்தாளில் தேய்த்து மறுபடி அடிக்கலாம். பி.யு. (பாலியூரித்தேன்) பளபளப்பும் உழைப்பும் கூடுதல், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பூத் வைத்திருக்கும் பெயின்டரிடம் விடுவதே சரி.

எஃப்.சி. கைக்கு வந்த பிறகு முதல் ஓட்டம் லோடு இல்லாமல், ஊருக்குள், பகலில். 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் கமான் பட்டையின் யு-போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புது பெயிண்ட் அடியில் நசுங்கி, இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் அட்ஜஸ்டரை ஒரு சொடுக்குத் தளர்த்த வேண்டும்.